உறைபனியில் கனடா வாத்து வேட்டை: மறைப்பு, பொம்மை, துப்பாக்கி

டிசம்பர் பாதி கடந்தால் வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் குளங்களும் குட்டைகளும் கல்லாக இறுகிவிடும். அதற்குள் கனடா வாத்துகள் எல்லாம் தெற்கே போயிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் உறையாத தண்ணீரும் எட்டும் தூரத்தில் மக்காச்சோளமும் இருக்கும்வரை அவற்றில் பெரும்பகுதி நகராது. தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் தலைநகரான பியர், மிசூரி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊருக்குச் சுமார் 10 கி.மீ. மேலே ஓவாஹி அணை. ஆழத்திலிருந்து விசையாழிகள் வழியாக வெளியேறும் தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருப்பதால், அணைக்குக் கீழே ஆறு திறந்தே ஓடும். ஆயிரக்கணக்கான பறவைகள் இரவை அந்தத் தண்ணீரில் கழித்துவிட்டு, பகலில் அறுவடையான மக்காச்சோளக் காடுகளுக்கு மேயப் போகும். அந்தக் காட்டில் மறைந்திருந்து சுடுவதுதான் இங்கே சொல்லப்போகும் வேட்டை.

தமிழில் பெரியதையும் சிறியதையும் வாத்து என்றே சொல்கிறோம். இது கறுத்த கழுத்தும் வெள்ளைக் கன்னமும் உள்ள பெரிய பறவை. பல 3 முதல் 6 கிலோ வரை எடை இருக்கும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்குத் தூரத்துச் சொந்தம். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடவே கூடாது. கீழே உள்ள சட்டமும் முறையும் அமெரிக்காவுக்கு மட்டும்.)

இந்த வேட்டையில் நேரும் பெரும்பாலான கோளாறுகள் ஓரிடத்தில் பிறக்கின்றன: சூடான பொருள் குளிருக்குள் வருவது. பறவைகளை ஏமாற்றி இறக்க வயலில் பரப்பும் வாத்துப் பொம்மை வீட்டுச் சூட்டிலிருந்து வந்தால் அதில் பனி உருகி, மறுபடி கண்ணாடியாக உறையும். சூட்டறையிலிருந்து எடுத்துவந்த துப்பாக்கிக்குள் ஈரம் கோத்து, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) இறுகும். வேர்த்த உடம்பு அரை மணி நேரத்தில் நடுங்கும். வாத்துக் குரல் எழுப்பும் ஊதுகுழலுக்குள் எச்சில் உறைந்து, குழலின் அதிரும் நாக்கு ஒட்டும். குளிரை நம்மால் மாற்ற முடியாது. ஈரம் எங்கே உண்டாகிறது என்று பார்த்து அதை அங்கேயே தடுப்பது நம் கையில் இருக்கிறது. கீழே வரும் பல யோசனைகள் அதிலிருந்து வருபவைதான்.

முதலில் சட்டம்

16 வயது நிரம்பியவர்களுக்கு மாநில உரிமத்தோடு மத்திய அரசின் நீர்ப்பறவை முத்திரையும் வேண்டும். தெற்கு டக்கோட்டாவில் வெளிமாநிலத்தவருக்கு நீர்ப்பறவை உரிமம் குலுக்கல் முறையில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை பறவை, பருவம் எப்போது முடிகிறது என்பவை ஆண்டுதோறும் மாறும். மாநில வேட்டை, மீன், பூங்காத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள்.

மாறாதவை இவை. சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரை. துப்பாக்கியில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. குழாய் மகசினுக்குள் (தோட்டா நிரப்பும் குழாய்) அதற்கான அடைப்புக்கட்டை இருக்க வேண்டும். 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவைக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) தடை. சட்டைப்பையில் வைத்திருந்தாலே குற்றம். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து அழைப்பதும், கனடா வாத்துக்கு மின்னணுக் குரல் ஒலிபரப்புவதும் கூடாது. இரை தூவிய இடத்தில் வேட்டையாடக்கூடாது. தூவிய தானியத்தை முழுதும் அள்ளிய பிறகும் 10 நாள் அந்த இடம் தடைக்குள்தான் இருக்கும். வழக்கமான அறுவடையில் சிந்திய சோளம் இதில் சேராது. ஆனால் பனியைக் கிளறிக் கதிரை உதிர்த்துப் போட்டால் சேர்ந்துவிடும். நில உரிமையாளரின் அனுமதியை முந்தின நாளே நேரில் கேட்டு வாங்குங்கள். கால்நடைக்கு எந்த வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார், எந்தத் தடத்தில் வண்டி புதையும் என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

எங்கே, எப்போது

கடுங்குளிரில் வாத்து சக்தியைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும். அக்டோபரில் விடிந்ததும் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று மேயப் போன பறவை, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் பகலில் ஒரே தடவைதான் கிளம்பும். அதுவும் வெயில் ஏறிய பிறகு, 10 மணிக்கோ பிற்பகல் 2 மணிக்கோ. அதனால் நாலு மணிக்கே போய் இருட்டில் விறைத்துக் கிடக்கத் தேவையில்லை. பறவை எப்போது தண்ணீரை விட்டு எழுகிறது என்று முந்தின இரண்டு நாளும் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வயலில் இறங்கினால் போதும். புயல் நெருங்கும்போதும், பெரும் பனிப்பொழிவு ஓய்ந்த மறுநாளும் நேரம் பார்க்காமல் பசியோடு வரும். நல்ல வேட்டை நாட்கள் அவைதான்.

இடத்தைத் தொலைநோக்கியில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 60 ஏக்கர் காட்டில் பறவை மேய்ந்தது 30 மீட்டர் அகலத் துண்டாக இருக்கலாம். பறவைகள் ஆற்றுக்குத் திரும்பிய பிறகு உள்ளே நடந்து போய்ப் பாருங்கள்: கிளறிய பனி, பச்சை எச்சம், நெருக்கமான காலடி. பனி 15 செ.மீ.-க்கு மேல் கிடந்தால் தட்டையான நிலத்தில் அவற்றுக்குத் தானியம் எட்டாது. காற்று பனியை அடித்துப்போன மேட்டு முதுகும், சோளத்தட்டை சாய்ந்து கிடக்கும் ஓரமும்தான் மேய்ச்சல். நீங்கள் அமைக்க வேண்டியது அந்த எச்சத்தின் மேலேயே. 200 மீட்டர் தள்ளி மறைவுக்கு வசதியான இடம் இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தால், தலைக்கு மேலே பறந்து பழைய இடத்தில் இறங்குவதை வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

மறைப்பு

இதில்தான் நாள் வெல்வதும் தோற்பதும். டிசம்பர் மாதத்துப் பறவை செப்டம்பரிலிருந்து சுடுபட்டுத் தப்பியது. அதன் கண் முதலில் தேடுவது நிழலையும் நேர்கோட்டையும்.

பியர் 44 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலிலும் சூரியன் 22 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். 1.4 மீட்டர் உயர மறைப்பு அந்த உச்சிவெயிலில்கூட 3.4 மீட்டர் நிழல் போடும். காலையில் சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது அது 8 மீட்டராக நீளும். வெள்ளைப் பனியில் 8 மீட்டர் கறுப்புப் பட்டை என்பது மேலிருந்து பார்க்கும் பறவைக்கு எச்சரிக்கைப் பலகை மாதிரி. அதனால் திறந்த பனிவெளியில் உயரமான மறைப்பு கூடவே கூடாது. உயரம் வேண்டுமென்றால் வேலி ஓரம், மரவரிசை, புதர் வாய்க்கால் என ஏற்கெனவே நிழல் விழும் இடத்தோடு ஒட்டிப் போடுங்கள்.

ஏ-ஃபிரேம் மறைப்பு (ஆங்கில A போல இரண்டு பக்கமும் சாய்ந்த சட்டகம்) நாலு பேருக்கு வசதி. நாயையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்து எழுந்து சுடலாம். சட்டகத்தை நிறுத்தியவுடன் நாலு மூலையிலும் 60 செ.மீ. இரும்புக் கம்பியை அறைந்து கட்டுங்கள். காற்று வரும் பக்கம் இரண்டு இழுகயிறு கூடுதலாக. நிலம் உறைந்திருப்பதால் சுத்தியல் மட்டும் போதாது. மின்கலத் துளைப்பானில் 12 மி.மீ. கான்கிரீட் துளைமுனை மாட்டி முதலில் துளை போடுங்கள். மின்கலம் குளிரில் சீக்கிரம் செத்துவிடும். இரண்டாவதைச் சட்டைக்குள் வைத்திருங்கள். பிறகு அந்த ஓரத்தில் என்ன செடி நிற்கிறதோ அதையே, அனுமதி கேட்டு, வெட்டிச் செருகுங்கள். கடையில் வாங்கிய நார்ப்புல் அடிப்பூச்சுக்குத்தான் ஆகும். எல்லோரும் பக்கங்களை அடர்த்தியாக மறைத்துவிட்டு மேலே திறந்து விட்டுவிடுகிறார்கள். பறவை பார்ப்பது மேலிருந்து. இரண்டு பக்கத் தட்டையும் நடுவில் வந்து முட்டும்படி சாயுங்கள். கடைசியாக, அந்த ஓரத்துச் செடிகளின் மேல் பனி படிந்திருக்கும் அளவுக்கு மறைப்பின் மேலும் ஒரு வாளி பனியைத் தூவுங்கள்.

வெட்டவெளிக்குப் படுக்கை மறைப்புதான் சரி. ஆள் மல்லாந்து படுக்கும் தாழ்ந்த கூடு. மேலே இரண்டு கதவு. பனியை 20 செ.மீ. தோண்டிக் கூட்டை உள்ளே இறக்குங்கள். தோண்டிய பனியைச் சுற்றிலும் அணைத்து, ஒரு மீட்டர் தூரம் சரிவாகத் தடவி விடுங்கள். செங்குத்து விளிம்பு எங்கே இருந்தாலும் அங்கே நிழல் விழும். மேலே வெள்ளை உறை. முழுக்க வெள்ளையாக விடாதீர்கள். காட்டில் பத்தில் மூன்று பங்கு தட்டை தெரிந்தால் உறையிலும் அதே அளவுக்குத் தட்டை தெரிய வேண்டும். வெள்ளைத் துணியை ‘பளிச்’ சலவைத் தூளில் துவைக்காதீர்கள். அதில் உள்ள வெளுப்பூட்டி, நிழலில் துணியை நீலமாக ஒளிர வைக்கும். இயற்கைப் பனி அப்படி இருக்காது. எல்லாம் முடிந்ததும் 50 மீட்டர் தள்ளிப் போய் ஃபோனில் ஒரு படம் எடுங்கள். நேரில் கண்ணுக்குத் தப்புவது படத்தில் தெரிந்துவிடும்.

உள்ளே 2 செ.மீ. கனமுள்ள மூடுதுளை நுரைப்பாய் கட்டாயம். முதுகுச் சூடு கீழே இறங்காமல் காப்பது ஒரு வேலை. அடியில் பனி உருகிக் கூட்டோடு சேர்ந்து உறையாமல் காப்பது இன்னொன்று. பாய் இல்லாமல் படுத்தால் மாலையில் மறைப்பைக் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன் பூட்ஸிலும் முழங்காலிலும் ஒட்டிய பனியைத் தூரிகையால் தட்டிவிட்டு ஏறுங்கள்.

நிலத்தில் நிரந்தரமாகப் புதைத்த பதுங்குகுழி இந்த ஆற்றோரப் பண்ணைகளில் நிறைய உண்டு. காற்று அடிக்காது, நிழல் கிடையாது. இருப்பதிலேயே சிறந்த மறைப்பு இதுதான். கவனிக்க வேண்டியவை இரண்டு. அடியில் தேங்கிய நீர் பனிக்கட்டியாகக் கிடக்கும். கால் நிற்க மரச்சட்டப் பலகை போடுங்கள். சுற்றிலும் மிதிபட்ட பனி வட்டமாகத் தெரியும். எல்லோரும் ஒரே வழியில் நடந்து, அந்த வழியைப் பொம்மைகளுக்குள் கொண்டுபோய் முடியுங்கள்.

திசை

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்று முதுகில் படும்படி உட்காருவது பாடப்புத்தக முறை. சமவெளிக் குளிர்காலத்தில் அது அடிக்கடி காலை வாரிவிடும். இங்கே கடுங்குளிரோடு வருவது பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அதற்கு முதுகு காட்டினால் முகம் தென்கிழக்கே, காலைச் சூரியனுக்கு நேராக. உங்களுக்குக் கண் கூசும். பறவைக்கோ சூரியன் பின்னால் இருக்கிறது; உங்கள் முகமும் மறைப்பின் முன்புறமும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். இறங்கும் பறவை கடைசி 100 மீட்டரும் உங்களையே பார்த்துக்கொண்டு வரும்.

மறைப்பை வடகிழக்கு நோக்கித் திருப்புங்கள். காற்று இடது கன்னத்தில் படும், சூரியன் வலப்பக்கம் போய்விடும், பறவைகள் வலமிருந்து இடமாகக் குறுக்கே வந்து இறங்கும். அவற்றின் பார்வை பொம்மைகள் மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் துப்பாக்கியைச் சுழற்றுவதும் எளிது.

பொம்மைகள்

நம் பழைய வேடர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து இன்னொன்றை அழைப்பார்கள். அந்தப் பழக்கிய பறவைக்குப் ‘பார்வை’ என்று பெயர். இங்கே அந்த வேலையைப் பிளாஸ்டிக் செய்கிறது, விதியும் அதேதான்: பறவை அப்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். கடுங்குளிரில் வாத்து கால்களை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிடும். முழு உடல் பொம்மையைக் கால் கம்பியில் நிறுத்தினால் அன்று அது பொய். கம்பியைக் கழற்றிவிட்டு நேரே பனியில் வையுங்கள், அல்லது கவிழ்த்து வைக்கும் ஓட்டுப் பொம்மைகளைப் பயன்படுத்துங்கள். பாதிக்குப் பாதி தூங்கும், உட்காரும் வகை; மீதியில் பெரும்பாலானவை மேயும் தலை. கழுத்தை நீட்டிக் காவல் நிற்கும் தலை பத்துக்கு ஒன்று போதும். அது அதிகமானால் கூட்டம் பயந்திருக்கிறது என்று வானத்துப் பறவை புரிந்துகொள்ளும்.

பொம்மைகளை எப்போதும் சூடில்லாத இழுவண்டியிலோ கொட்டகையிலோ பையோடு வையுங்கள். தெளிந்த இரவுக்குப் பிறகு விடிவதற்கு முன் பரப்பினால் உதயத்துக்குள் முதுகில் உறைபனி பூக்கும். வெயில் பட்டதும் மின்னும். அந்த மினுக்கத்தைக் கண்டால் 60 மீட்டரில் கூட்டம் திரும்பிவிடும். முதுகில் வெல்வெட் தூள் ஒட்டிய வகை கூடுதல் விலை. இந்தப் பருவத்துக்கு அந்த விலை தகும். மென்மையான துடைப்பம் ஒன்று கையில் இருக்கட்டும். முதல் கூட்டம் வருவதற்கு முன்பும், பிறகு அரை மணிக்கு ஒரு தடவையும் எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுங்கள். சோம்பல்பட்டுத் தவறவிடுவது இதைத்தான். சுத்தமாக இருக்கும் 4 டஜன், பனி படிந்த 10 டஜனைவிட மேல்.

பரப்புவது இப்படி. 5 முதல் 7 வரை குடும்பம் குடும்பமாக, ஒரு குடும்பத்துக்குள் முக்கால் மீட்டர் இடைவெளி, குடும்பங்களுக்கு இடையே மூன்று நாலு மீட்டர். மிதமான நாளில் இதைவிடத் தளர்த்தலாம். மைனஸ் 20-இல் அவையே நெருக்கி உட்காரும், நீங்களும் நெருக்குங்கள். பெரும்பகுதி காற்று வரும் பக்கம். மறைப்புக்கு நேரெதிரே 15 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை வெறுமையாக விட்ட வெளி, அதுதான் இறங்குமிடம். கடைசிப் பொம்மை 30 மீட்டரைத் தாண்டவேண்டாம். தூரம் அளக்க அதுவே உங்கள் எல்லைக்கல். பொம்மைகளுக்கு இடையே சில இடங்களில் பனியை ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குச் சுரண்டி மண்ணும் தட்டையும் தெரிய விடுங்கள். மேயும் கூட்டம் கிளறிய நிலம் அப்படித்தான் இருக்கும், தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவதும் அந்தக் கறுப்புத் திட்டுகள்தான்.

துப்பாக்கியும் தோட்டாவும்

12 போர் (குழலின் அளவு) துப்பாக்கி, 3 அங்குலத் தோட்டா, அதில் 35 கிராம் எஃகு ரவை, ‘பிபி’ என்ற அளவு. ஒரு ரவை 4.6 மி.மீ.; ஒரு தோட்டாவில் சுமார் 90 இருக்கும். எஃகு நசுங்காது, ஆகவே ஈயத்தைவிடச் செறிவாகவே போகும்; ‘மாடிஃபைட்’ சோக் (குழல்முனையின் நடுத்தரக் குறுக்கம்) போதும். பருமனான எஃகு ரவையை இறுக்கமான ‘ஃபுல்’ சோக்கில் விட்டால் குழல்முனைக்குக் கெடுதல். வேட்டைக்கு முன்பே 30 மீட்டரில் பெரிய தாளில் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தில் 75 செ.மீ. வட்டம் போட்டு எண்ணுங்கள். வட்டத்துக்குள் 50-க்குக் குறைந்தால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றுங்கள். இதை ஒரு குளிர்ந்த நாளில் செய்யுங்கள். மைனஸ் 20 டிகிரிக் காற்று, பிளஸ் 20 டிகிரிக் காற்றைவிட 16 சதவீதம் அடர்த்தி கூடியது; ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். வெடிமருந்தும் குளிரில் சற்று மந்தமாக எரியும். அக்டோபரில் 35 மீட்டர் சுடுபவர் ஜனவரியில் 30 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தடித்த குளிர்கால இறகுக்குள் தூரத்து ரவை புகாமல் போனால், பறவை விழாமல் காயத்தோடு ஆற்றுக்குப் போய் இரவில் சாகும். அந்தச் சாவு நம் கணக்கில்தான்.

செமி-ஆட்டோ துப்பாக்கி குளிரில் மக்கர் செய்வதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய். கோடையில் போட்ட எண்ணெய் பசையாகத் தடித்து, போல்ட் பாதியில் நிற்கும். சுடுமுள் ஓடும் துளைக்குள் தடித்தால் முள் மெதுவாக இடித்துத் தோட்டா வெடிக்காது. பருவத் தொடக்கத்தில் போல்ட், ட்ரிகர் பகுதி, சுடுமுள் துளை மூன்றையும் கரைப்பானில் கழுவி முழுக்க உலரவிடுங்கள். பிறகு போல்ட் சறுக்கும் தடத்தில் மட்டும் குளிர்தாங்கும் செயற்கை எண்ணெய் ஒரு சொட்டு, அல்லது உலர் கிராஃபைட் தூள். கை படும் வெளிப்புறத்துக்கு மெல்லிய துடைப்பு போதும்.

வேட்டை நடக்கும் நாட்களில் துப்பாக்கியை உறையோடு, தோட்டா இல்லாமல், பூட்டிய குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சூட்டறைக்குள் கொண்டுபோனால் காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பின் மேல் முத்து முத்தாகப் படியும். அதோடு காலையில் வெளியே எடுத்தால் உள்ளே பனிக்கட்டி. எப்படியும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் உறையைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டு, அறைச்சூடு ஏறியதும் பிரித்து உலர்த்துங்கள். மூக்குக்கண்ணாடிக்கும் தொலைநோக்கிக்கும் இதே முறை.

குழலுக்குள் பனி போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாய் அடைபட்ட குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். தடுக்கி விழுந்தாலோ குழல்முனை பனியில் பட்டாலோ, தோட்டாக்களை முழுதும் வெளியே எடுத்து, போல்ட்டைத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒளியைப் பாருங்கள். ஒரு துப்புரவுக் கயிறு சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். தடித்த உடையோடு துப்பாக்கியைத் தோளில் ஏற்றியும் பாருங்கள். கட்டை நீளமாகத் தெரியும், அக்குளில் மாட்டும். பின்தட்டுக்கு அடியில் உள்ள வில்லையைக் கழற்றி ஒரு செ.மீ. குறைத்தால் சரியாகும். கனத்த கையுறை விரல் ட்ரிகர் வளையத்துக்குள் நுழையக்கூடாது. மெல்லிய உள்கையுறை, அதற்கு மேல் பறவை வந்ததும் உருவிவிடும் பை மாதிரியான மிட்டன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு

பொம்மை சுமக்கும்போது இரண்டு அடுக்கு உடையோடு, லேசாகக் குளிரும்படி வேலை செய்யுங்கள். கனத்த இறகு ஜாக்கெட்டை வேலை முடிந்த பிறகு போடுங்கள். உடம்போடு ஒட்டுவது மெரினோ கம்பளி. பருத்தி பனியன் கூடவே கூடாது, நனைந்தால் உலராது. வயலுக்கு நடந்துவந்த காலுறையைக் கழற்றி, உலர்ந்த இன்னொன்றை மாட்டிக்கொள்வதுதான் நாள் முழுக்கக் கால் உயிரோடு இருப்பதற்கான வழி. பூட்ஸ் ஒரு அளவு பெரியதாக, உள்ளே கம்பளி லைனரோடு இருக்கட்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது.

மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மணிக்கு இரண்டு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு மாதிரி வெளுத்த திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடேற்றுங்கள். தேய்க்கக்கூடாது, பனியை வைத்து அழுத்துவது அதைவிடக் கெடுதல். உணர்வே போய்விட்டால் வேட்டையை அத்தோடு நிறுத்துங்கள். சூடான இடம் சேர்ந்து 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். மறுபடி உறைய வாய்ப்பிருக்கும்வரை இளக்கக்கூடாது. ஒருவர் பேச்சுக் குழறினாலோ, தோட்டாவை விரலால் பிடிக்க முடியாமல் தடுமாறினாலோ, அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள். உடம்பின் உட்சூடு இறங்கிவிட்டது. உடனே வண்டிக்குள் ஏற்றிச் சூடாக்குங்கள்.

புரோப்பேன் அடுப்பு ஏ-ஃபிரேமிலும் குழியிலும் வைக்கலாம், ஆனால் மேலே திறப்பு இருக்க வேண்டும், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் வகையாக இருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றையும் மாட்டுங்கள். தலைவலி வந்த பிறகு சுதாரிக்கலாம் என்று இருக்கவேண்டாம். காய்ந்த தட்டையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, தகரத்தின் மேல் வையுங்கள். நார்ப்புல் பற்றினால் நொடிகளில் சட்டகம் முழுக்க எரியும். படுக்கை மறைப்புக்குள் அடுப்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது.

குரலும் கொடியும்

ஊதுகுழல் உறைவது மூச்சின் ஈரத்தால். இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கழுத்தில் சட்டைக்குள், மற்றது கையில். குழலின் நாக்கு ஒட்டிக்கொண்டால் குழலை அக்குளில் வைத்து இளக்குங்கள். பிடித்து இழுத்தால் நாக்கு வளைந்து குரலே மாறிவிடும். இந்தப் பருவத்தில் குறைவாக ஊதுவதே நல்லது. 300 மீட்டருக்கு அப்பால் உள்ள கூட்டத்துக்குக் கறுப்புக் கொடியைச் சிறகடிப்பதுபோல இரண்டு தடவை அசைத்து, அது திரும்பியதும் கொடியைக் கீழே போடுங்கள். நெருங்கிவரும்போது தாழ்ந்த முனகலும் ஒற்றைக் கொக்கரிப்பும் போதும். நேராக வரும் பறவையிடம் பேசவே வேண்டாம்.

சுடும் நேரம்

யார் ‘சுடு’ என்று சொல்வது என்பதை முன்பே ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் முகத்தைக் கீழே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சுடும் எல்லை உண்டு: இடது ஓரத்தவர் இடப்பக்கப் பறவை, வலது ஓரத்தவர் வலப்பக்கம், பக்கத்தவரின் தலைக்கு மேல் குழல் ஒருபோதும் போகாது. குழல் பொம்மைப் பக்கம் பார்த்திருக்க, சேஃப்டி விலகுவது துப்பாக்கி தோளுக்கு ஏறும்போது மட்டும். யாராவது மறைப்பை விட்டு வெளியே இருக்கும்போது எல்லாத் துப்பாக்கியும் காலி.

கால் தொங்கி, சிறகு வளைந்து, 20 முதல் 25 மீட்டரில் தெரியும்போது சொல்லுங்கள். பெரிய உடம்பு மெதுவாக வருவதுபோலத் தோன்றும்; உண்மையில் வேகம் தோன்றுவதைவிட அதிகம், அதனால்தான் பலரும் வாலுக்குப் பின்னால் சுடுகிறார்கள். உடம்பைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள், வெள்ளைக் கன்னம்தான் குறி. ஒரு பறவையைத் தேர்ந்து, அது விழும்வரை அடுத்ததைப் பார்க்காதீர்கள். விழுந்தது தலையைத் தூக்கினால் உடனே மறுபடி சுட்டு முடியுங்கள். தூரத்தில் சரிந்து இறங்கியதைப் பனியில் தடம் பிடித்து அப்போதே தேடுங்கள். அடுத்த கூட்டம் காத்திருக்கட்டும். தேடி எடுப்பது சட்டமும்கூட.

ஆற்று ஓரத்தில் விழுந்ததை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. வேண்டும், வெளுத்த பனிக்கட்டிக்கு அதன் இரு மடங்கு. அணைக்குக் கீழே நீரோட்டமும் மட்டமும் மாறிக்கொண்டே இருப்பதால் எந்தக் கனமும் நம்பத்தக்கதல்ல. மனிதரும் நாயும் அதன் மேல் ஏறக்கூடாது. வயலில் நாய்க்கு 5 மி.மீ. நியோப்ரீன் சட்டை போடுங்கள், படுக்க நுரைப்பாய் கொடுங்கள். விரலிடுக்கில் உருளும் பனிக்கட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எடுத்துவிடுங்கள்.

பறவையை என்ன செய்வது

பனியில் போட்டுவைத்த பறவை ஒரு மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும். பிறகு இறகு பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். முழுதாகச் சமைக்க நினைப்பவர் மறைப்புக்குள் காற்றுப் படாமல் சாக்கில் வைத்து, இடைவேளையில் சூடு இருக்கும்போதே நெஞ்சிறகைப் பிய்த்துவிடுவது நல்லது. வீடு சேரும்வரை இன அடையாளத்துக்காகத் தலையோ முழு இறகுள்ள ஒரு சிறகோ உடம்போடு இருக்க வேண்டும். 2022 முதல் அமெரிக்காவின் காட்டு நீர்ப்பறவைகளிடையே பறவைக் காய்ச்சல் பரவிவருவதால் ரப்பர் கையுறையோடு வெட்டுங்கள், சோர்ந்து விழுந்து கிடந்த பறவையைத் தொடாதீர்கள், கறியின் உட்பகுதி 74 டிகிரி ஏறும்வரை வேகவையுங்கள். நெஞ்சுக்கறியில் ரவை புகுந்த இடத்தில் இறகும் சேர்ந்து போயிருக்கும். கத்தி நுனியால் அந்த வழியைத் திறந்து இரண்டையும் எடுங்கள். எஃகு ரவை ஈயம் போல நசுங்காது, கடித்தால் பல் உடையும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு காந்தத்தையும் கறியின் மேல் நகர்த்தினால் ஒளிந்திருப்பது அகப்படும்.